ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே வரல: நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. மிக்ஸி, வாஷிங் மெஷின் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது. மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை. சர்வீஸ் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் “போர்டு போயிடுச்சு, 6,500 ஆகும்” என்கிறார்கள். மாற்றிவிடலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

“போர்டு போயிடுச்சு” என்று கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் மதர்போர்டு, போவது உண்டு. ஆனால் மற்ற எல்லாவற்றையும் சோதித்த பிறகு சொல்ல வேண்டிய பேச்சு அது. கடை வாசலில் நின்றுகொண்டு சொல்லக் கூடாது. ஃபேன் ஓடியும் படம் வராத கம்ப்யூட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ராம், அதாவது போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டை. தூசியாலோ ஈரக்காற்றாலோ அதன் தங்க நிறக் கால்கள் மங்கி, ஸ்லாட்டோடு தொடர்பு விட்டுப்போகும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டில் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். ராமின் ஓரக் கிளிப்பை விலக்கினால் அது மேலே எழும்பி வரும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் அந்தக் கால்களை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் துணியால் துடைத்துவிட்டு, கிளிப் ‘டக்’கென்று விழும்வரை திரும்ப அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் சிஸ்டம் என்றால் மானிட்டர் ஒயர் அந்தக் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் கடைக்கே போங்கள். ஆனால் கூடவே நில்லுங்கள். ராமை முழுக்கக் கழற்றிவிட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். போர்டில் பீப் ஸ்பீக்கர் இருந்து, போர்டும் உயிரோடு இருந்தால், “ராம் எங்கே” என்று விடாமல் கத்தும். பல புதிய போர்டுகளில் பீப்புக்குப் பதிலாக சிபியு (புராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. வேறொரு எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி), வேறொரு ராம் போட்டும் அசையவில்லை என்றால் மட்டும் போர்டைச் சந்தேகப்படலாம். இந்தச் சோதனை எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலைதான். அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்க மனமில்லாத கடைக்காரர், அதற்கான விலையை உங்கள் தலையில் கட்டுகிறார். நல்ல போர்டைக் கழற்றி வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு விற்கிற கடைகளும் இருக்கின்றன.

எதை மாற்றினாலும் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சீரியல் எண் எழுதிய பில், கழற்றிய பழைய பொருள், என்ன கோளாறு என்று சீட்டில் ஒரு வரி. பழைய பொருளைத் தர மாட்டேன் என்கிற கடையில் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: தினமும் ஆன் செய்ததும் தேதி தப்பு என்று சொல்லி எஃப்1 அழுத்தச் சொல்கிறது. – வாசகர், ஓசூர்

பதில்: போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். பழையதை மேஜையில் போட்டு வைக்காதீர்கள். சின்னக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: கறுப்புத் திரையில் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று வந்து நிற்கிறது. ஃபார்மட் செய்தால் சரியாகுமா?

பதில்: முதலில் செருகியிருக்கும் பென் டிரைவைப் பிடுங்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் ஹார்ட் டிஸ்க் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் ஒயர் கழன்றிருக்கும், இல்லையேல் டிஸ்க் போயிருக்கும். இரண்டுக்கும் ஃபார்மட் மருந்து அல்ல.

கேள்வி: விண்டோஸ் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சர்வீஸுக்குக் கொடுத்தோம். ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் செய்துவிட்டார்கள். இறந்துபோன என் அப்பாவின் படங்கள் அதில்தான் இருந்தன. கேட்டால் “பேக்கப் எடுத்து வெச்சிருக்கணும்” என்கிறார்கள். பில்லும் தரவில்லை. – வாசகி, திருநெல்வேலி

பதில்: படிக்கவே மனசு கனத்துப்போனது. அவர்கள் செய்தது தப்பு. ஸ்டார்ட் ஆகாத விண்டோஸிலிருந்தும் படங்களை எடுக்க முடியும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் போதும். அதைச் செய்யாமல், உங்களிடம் கேட்கவும் கேட்காமல் அழித்தது சேவைக் குறைபாடு.

இப்போதே அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். அதில் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள், புதுப் படம் எதையும் ஏற்றாதீர்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க்காக இருந்து, விரைவு ஃபார்மட் மட்டும் செய்திருந்தால், மேலே புதிதாக எழுதப்படாத இடத்தில் படங்கள் இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு. டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்கிற இடத்துக்கு டிஸ்க்கைக் கொண்டுபோங்கள். எஸ்.எஸ்.டி. (சிப்பில் சேமிக்கும் புதிய வகை டிஸ்க்) என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

பில் இல்லை என்பதால் சோர்ந்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, எல்லாமே சான்றுதான். பில் தர மறுப்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். கடைக்காரர் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போடுங்கள் அம்மா.

கேள்வி: ஆன்லைனில் விளம்பரம் பார்த்து ஒருவரிடம் 9,000 ரூபாய்க்குப் பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். அவசரத்தில் ஆன் செய்து பார்க்கவில்லை. வீட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் போன் எடுக்கவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? – மாணவர், சேலம்

பதில்: தம்பி, 9,000 ரூபாய் கொடுத்து வாங்குகிற பொருளை ஆன் செய்து பார்க்க நேரமில்லையா? உங்களுக்கு விற்றவர் கடைக்காரர் அல்ல, தனி ஆள். நுகர்வோர் சட்டம் வியாபாரம் செய்பவரைத்தான் பிடிக்கும். கெட்டுப்போனது தெரிந்தே ஏமாற்றினார் என்று காட்ட முடிந்தால் போலீஸில் புகார் கொடுக்கலாம். நானே ஒரு முறை பழைய லேப்டாப் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தே வாங்கினேன். அப்படியும் கீபோர்டில் இரண்டு எழுத்துகள் அடிக்காதது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பார்த்து வாங்கினாலே இப்படி.

கேள்வி: மின்னல் அடித்த இரவுக்குப் பிறகு கம்ப்யூட்டரில் அசைவே இல்லை. எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டும் என்கிறார்கள். 600 ரூபாய்க்கும் இருக்கிறது, 2,500-க்கும் இருக்கிறது. இரண்டிலும் 450 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. – வாசகர், நாகர்கோவில்

பதில்: முன்பக்கம் எழுதியிருப்பதை விடுங்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்றால் 12-ஆல் பெருக்க 192 வாட். கம்ப்யூட்டர் பெரும்பாலும் நம்பியிருப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட் எல்லாம் அட்டைப்பெட்டியில்தான் இருக்கும். கையில் தூக்கியும் பாருங்கள். மட்டமானது தகர டப்பா போல எடையே இல்லாமல் இருக்கும். அப்படி ஒன்றை நான் வாங்கினேன். கரண்ட் போய்த் திரும்ப வந்த ஒரு மாலையில் ‘டப்’ என்று சத்தம், கருகிய நாற்றம். திறந்தால் கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கிடந்தன. ஹார்ட் டிஸ்க்கும் அதோடு போனது. ‘80 பிளஸ்’ என்ற மின்திறன் முத்திரையும் எழுத்தில் வாரண்டியும் உள்ளதை வாங்குங்கள். பழையதை நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடவா?

பதில்: எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லை. அதுவரை ஆன் செய்யாதீர்கள்.

கேள்வி: அப்டேட் முடிந்து லேப்டாப் திரும்ப ஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் எண் கேட்கிறது. நாங்கள் அப்படி எதுவும் வைக்கவே இல்லை. ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் உடைத்துத் தருவதாகச் சொல்கிறார். – வாசகி, மதுரை

பதில்: கொடுக்காதீர்கள். பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. அந்தப் பூட்டை அப்படி உடைக்க முடியாது. அவர் டிஸ்க்கை அழித்துவிட்டுப் புது விண்டோஸ் போட்டுத் தருவார். பல புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடும். எண்ணும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். போனில் அதே கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால், வாங்கிய அன்று கடைக்காரர் யாருடைய மெயிலைப் போட்டு லேப்டாப்பைத் தயார் செய்தார் என்று விசாரியுங்கள். அவருடைய மெயில் என்றால் எண் அவரிடம் இருக்கும். புது லேப்டாப் வாங்குபவர்கள் எல்லோருக்கும் இதையே சொல்கிறேன்: மெயில் ஐடியைக் கடைக்காரரைப் போடவிடாதீர்கள்.

கேள்வி: “விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, அதனாலதான் ஸ்டார்ட் ஆகல, புதுசு வாங்குங்க” என்கிறார் கடைக்காரர். உண்மையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம்

பதில்: பொய், ஐயா. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்தான். அதனால் எந்தக் கம்ப்யூட்டரும் ஸ்டார்ட் ஆகாமல் நிற்காது. தெரிந்த பையன் யாரிடமாவது லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சாஃப்ட்வேர்) ஏற்றிய பென் டிரைவ் ஒன்று வாங்கி, அதிலிருந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். இன்ஸ்டால் செய்ய வேண்டாம், அப்படியே ஓடும். ஓடினால் போர்டு, ராம், புராசசர் மூன்றும் பெரும்பாலும் நலம்; கோளாறு டிஸ்க்கில் அல்லது விண்டோஸில். டிஸ்க் என்றால் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று போதும்.