நைட் டூட்டி நர்ஸ்கள் பகலில்தான் தூங்கிவிடுகிறார்களே, பிறகு ஏன் எடை கூடுகிறது?

கேட்டவர் யாரோ ஒரு நர்ஸின் வீட்டுக்காரராகத்தான் இருப்பார். "பகலில்தான் தூங்கிவிடுகிறார்களே" என்பதிலேயே தெரிகிறது.

நான் 11 வருடமாகப் பிரசவ வார்டில் இருக்கிறேன். மாதத்துக்கு 10 நைட், இரவு 8 முதல் காலை 8 வரை. சேரும்போது 52 கிலோ, நாலாவது வருடம் 67.

அந்தப் பகல் தூக்கத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். குளித்துப் படுக்கும்போது மணி ஒன்பதரை. பத்துக்குக் குக்கர் விசில், பதினொன்றுக்கு சிலிண்டர்காரர், பன்னிரண்டரைக்கு "இன்னுமா தூங்குற?" என்று மாமியார். தூக்கம் கெட்டால் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறையும். நடுராத்திரியில் இன்சுலினும் பகல் மாதிரி வேலை செய்யாது. பகலில் சாப்பிடும் அதே நாலு இட்லி அப்போது சர்க்கரையை அதிகமாக ஏற்றும். இரவு பகலுக்கு ஏற்ப உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-ல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். மாமியாருக்குத்தான் இன்னும் சேதி வரவில்லை.

அப்புறம் எங்கள் வார்டுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்தாலும், தயாராக வாங்கி வைத்திருக்கும் லட்டுப் பெட்டி உடனே வந்துவிடும். "பேரன் பிறந்திருக்கான், எடுத்துக்குங்க சிஸ்டர்" என்று நீட்டும் பாட்டியிடம் டயட் என்றா சொல்வது? கண் சொக்கும் நேரத்தில் ஒரு லட்டும் டீயும் உள்ளே போனால்தான் அடுத்த பெட்டுக்கு பிபி பார்க்கக் கால் நகரும்.

வாயைக் கட்டாததற்குச் சாக்கு என்று எழுத வருகிறவர்களுக்கு: தின்றதை நான் மறைக்கவில்லை. என்னோடு நைட் பார்த்தும் ஒல்லியாகவே இருக்கும் சிஸ்டர்கள் இருக்கிறார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு நான் மாற்றிக்கொண்டது இவ்வளவுதான்: மாலை ஏழு மணிக்கே வீட்டில் சாப்பிட்டுக் கிளம்புவது, டப்பாவில் சுண்டல், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கைப்பேசியும் காலிங் பெல்லும் அணைப்பு. ஒரு வருடத்தில் 5 கிலோ இறங்கியது.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எடை கூடினால் யூனிஃபார்ம் பத்தாது. எங்கள் ஆஸ்பத்திரியில் அவர்கள் சொல்லும் டெய்லரிடம்தான் தைக்க வேண்டும், செட்டுக்கு 950 ரூபாய் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பழையதையே பிரித்துத் தைத்துப் போட்டேன். நீட்டாக இல்லை என்று மெமோ. வேறு வழியில்லாமல் இரண்டு செட் தைத்தேன். 5 கிலோ குறைந்ததில் இப்போது அது தொளதொளவென்று தொங்குகிறது. போன வாரம் இன்சார்ஜ் சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.