ஆச்சி கேட்கும் மாசச் சம்பளம் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் விஸ்காம் முடித்தவன். நண்பர்கள் இருவரோடு அம்பாசமுத்திரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் யூடியூபுக்குக் குறும்படம். இப்போது சென்னையில் ஒரு பெரிய பொழுதுபோக்கு நிறுவனத்தில் எடிட்டர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. "மாசச் சம்பளம்னாத்தான் பொண்ணு குடுப்பாவ" என்கிறாள் ஆச்சி. "போனா மிஷினாயிருவ, பாத்துக்கோ" என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் டிவி சேனலில் இருந்தவர். போகலாமா?

ஒரு வாசகன், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

போங்கள். வருஷக்கணக்கில் ஒரே டெம்ப்ளேட்டில் மாலை மாற்றுவதை ஸ்லோ மோஷனில் ஓட்டுகிறவரும் மிஷின்தான்.

நான் ஆறு வருஷம் ஒரு சேனலின் புரோமோ பிரிவில் இருந்தேன். முப்பது நொடி புரோமோவை ஐந்து பேர் பார்ப்பார்கள். முதல் ஆள் வெட்டச் சொன்ன ஷாட்டை ஐந்தாம் ஆள் "எங்கய்யா அது?" என்று கேட்பார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வசனம் முடியுமுன்பே கேட்கிறவர் முகத்துக்குத் தாவ வேண்டும் என்பதை, அங்கே சவுண்டு பிரிவிலிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது கைகொடுத்தது கம்பெனி இன்சூரன்ஸ். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள், கோயில் கொடை விழா முடிந்து அடுத்த அட்வான்ஸ் வரும்வரை வீட்டில் உலை எப்படிக் கொதிக்கிறது என்று.

ஆனால் ஆச்சி நினைக்கிற சர்க்கார் உத்தியோகம் அல்ல இது. டிஸ்னி 2023 பிப்ரவரியில் 7,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. 2024 நவம்பரில் அதன் இந்தியத் தொழில் ரிலையன்ஸின் மீடியா தொழிலோடு இணைந்தது. இணைகிற இடத்தில் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் நிற்பார்கள்.

எனக்கு வலித்தது வேறொன்று. எங்கள் ஊர் சுடலைமாடன் கொடையை வைத்துப் பத்து எபிசோடு எழுதிக் கொடுத்தேன். எடுக்கவில்லை. வேலையை விட்டபின் திருப்பிக் கேட்டேன், கொடுக்கவுமில்லை. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். 2012-ல் வந்த திருத்தம் பாட்டெழுதுகிறவர், இசையமைப்பவர் ராயல்டிக்குத் துணை நின்றது. எடிட்டருக்கு அதில் ஒன்றுமில்லை. என் மாடன் இன்றும் அவர்கள் அலமாரியில்தான் நிற்கிறான், பூசை இல்லாமல்.

அந்த 'வேறு ஒப்பந்தம்' என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆஃபர் லெட்டரில் சம்பளப் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். பணிக்காலத்தில் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்கே என்று இருந்தால், ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற குறும்படமும் அதில் சிக்கலாம். இதுவரை எடுத்த படங்களையும் யூடியூப் சேனலையும் பட்டியல் போட்டு, இவை எங்களுடையவை என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டும். அப்புறம் மெயிலுக்குப் பதில்கூட வராது. எடுக்காத கதைகள் இருக்கிற ஹார்டு டிஸ்க்கை நண்பர்களிடமே கொடுத்துவிட்டுப் போங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் செருகவே வேண்டாம்.

ஆச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.