இங்கிலாந்தில் ஒரே ஒரு பழைய பேராலயத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்க்கலாம்?

பலரும் கேன்டர்பரி, சாலிஸ்பரி என்பார்கள். என்னைக் கேட்டால் ஈலி. கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான்.

ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் வெறும் சதுப்பு நிலம். விலாங்கு மீன் ஏராளம். ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பேராலயம் கட்டக் கல் எடுத்ததற்கு பீட்டர்பரோ மடத்துக்கு ஆண்டுக்கு 8,000 விலாங்கு மீன்களை வாடகையாகக் கொடுத்தார்களாம்! 673இல் எதெல்ட்ரெடா என்ற அரசி மடம் நிறுவிய இடம் ஈலி. இப்போது நிற்கும் கட்டடத்தை 1083இல், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் தொடங்கினார்கள்.

சரி, எதற்காக ஈலி? 1322 பிப்ரவரியில் ஒரு நாள், துறவிகள் இரவு வழிபாட்டை முடித்துவிட்டுப் படுக்கப் போன சற்று நேரத்தில், நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. பூகம்பம் என்றே நினைத்தார்களாம். முந்தைய ஆண்டுதான் பக்கத்தில் மாதா சிற்றாலயத்துக்கு அடித்தளம் தோண்டியிருந்தார்கள். அதுதான் காரணம் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. கட்டடப் பொறுப்பில் இருந்த ஆலன் ஆஃப் வால்சிங்கம் என்ற துறவி என்ன செய்வது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கலங்கிப்போனதை மடத்துக் குறிப்பே சொல்கிறது.

வேறு யாராக இருந்தாலும் அதே நான்கு தூண்களை மறுபடி எழுப்பியிருப்பார்கள். ஆலன் இடிந்த தூண்களின் மிச்சத்தையும் அகற்றிவிட்டு, எட்டுத் தூண்கள் வைத்து எண்கோணமாக்கினார். அதனால் நடுவில் சுமார் 70 அடி அகலத்துக்கு வெட்டவெளி கிடைத்தது. அப்புறம்தான் சிக்கல். அவ்வளவு அகலத்துக்குக் கல்லால் கூரை போட்டால் பாரம் தாங்காது. அரசரின் தச்சரான வில்லியம் ஹர்லியை வரவழைத்தார்கள். 60 அடிக்கு மேல் நீளமான எட்டு ஓக் மரத் தூண்களைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அவற்றை நிறுத்தி, சுற்றிலும் கண்ணாடி ஜன்னல் வைத்து, உச்சியில் ஒரு லாந்தர் போலக் கட்டினார்கள். வேலை முடிய 1342 வாக்கில் ஆனது.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாம் கல் என்றுதான் தோன்றும். மேலே இருப்பதோ மரம், வெளியே ஈயத் தகடு. லாந்தரைத் தாங்கும் உத்திரங்கள் கண்ணுக்குப் படாமல் மர வளைவுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. பார்ப்பவருக்கு அது அந்தரத்தில் நிற்கிறது! நான் பத்து நிமிடம் கழுத்து வலிக்கப் பார்த்தும் எது எதைத் தாங்குகிறது என்று பிடிபடவில்லை.

லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடமும் எட்டுத் தூண்கள் மேல்தான் நிற்கிறது. அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஈலியில் ஆயராக இருந்தவர். இங்கிருந்துதான் யோசனை போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மாதா சிற்றாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். சுவர் முழுக்கச் சிறு சிலைகள், 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்தில், சிலைகளை எதிர்த்தவர்களால் தலை உடைக்கப்பட்டவை.

எண்கோணத்தின் மேலே ஏறிப் பார்க்கத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே லாந்தரைச் சுற்றி இருக்கும், தேவதூதர் படம் வரைந்த பலகைகள் உண்மையில் கதவுகள். அவற்றைத் திறந்து, தேவதூதர்கள் இருக்கும் இடத்திலிருந்தே கீழே எட்டிப் பார்க்கலாம். படிக்கட்டு ரொம்பக் குறுகல், முதுகுப் பையைக் கீழேயே விட்டுவிடுங்கள்.