பட்ஜெட் லேப்டாப்பில் பிராசஸர் மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: என்னுடையது செலரான் என்4020, 4 ஜிபி ரேம். பிராசஸரை மட்டும் ஐ5 ஆக்க முடியுமா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

ப: முடியாதும்மா. அது மதர்போர்டிலேயே சால்டர் செய்து, அதாவது பற்றவைத்து வருகிறது. காலியான ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 8 ஜிபி ஆக்குங்கள். அந்தச் சிப்புக்கு இன்டெல் சொல்லும் உச்சவரம்பே அதுதான்.

கே: வீட்டில் இருக்கும் லேப்டாப் ரொம்ப ஸ்லோ. என்ன பிராசஸர் போட்டால் சரியாகும்? (தேவகோட்டை)

ப: எந்த லேப்டாப்? என்ன மாடல்? எப்போது வாங்கியது? ஒன்றுமே எழுதாமல் என்னிடம் பதில் கேட்டால் எப்படி? அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் முழு மாடல் எண் இருக்கும். கம்பெனி பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் பத்து விதமான போர்டு வருகிறது. எண்ணைப் பார்த்து எழுதுங்கள், சொல்கிறேன்.

கே: 2011-ல் வாங்கிய ஐ3-2310எம் லேப்டாப். பழைய ஐ7-2630க்யூஎம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா? (பள்ளத்தூர்)

ப: மாடலை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. இந்த ஐ3 இரண்டு விதமாக வந்தது. சிபியு-இசட் மென்பொருளில் 988 என்று காட்டினால் சாக்கெட், அதாவது சிப்பைச் செருகும் இடம், கழற்றலாம். 1023 என்றால் சால்டர், விட்டுவிடுங்கள். சாக்கெட்டாக இருந்தாலும் அந்த ஐ7 வேண்டாம். உங்கள் சிப் 35 வாட், அது 45 வாட். சின்ன லேப்டாப்பின் ஃபேன் அந்தச் சூட்டைத் தாங்காது. 35 வாட்டிலேயே இருக்கும் ஐ5-2520எம் தேடுங்கள். பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அதை ஏற்குமா என்று உங்கள் மாடலுக்கான பிராசஸர் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பேட்டரியைக் கழற்றாமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

கே: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டை விருந்தினர் தங்க விட்டிருக்கிறோம். புக்கிங் பார்க்கும் லேப்டாப் ஐ3-7020யூ, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது. 9,000 ரூபாய்க்கு ஐ7 மாற்றித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

ப: கொடுக்காதீர்கள். இதே கடிதம் ஊர் பெயர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. லேப்டாப்புக்கான சாக்கெட்டை இன்டெல் நான்காம் தலைமுறையோடு நிறுத்திவிட்டது. அது 2013 வாக்கில். யூ என்று முடியும் சிப்கள் அதற்கு முன்பும் சால்டர்தான். உங்கள் சிப்பின் அடியில் ஆயிரத்து முந்நூற்றுக்கு மேல் சால்டர் புள்ளிகள் இருக்கின்றன. அவ்வளவையும் சூடாக்கிப் பெயர்த்து வேறு சிப் ஒட்டினாலும், பயாஸ் அதை ஏற்க வேண்டும், போர்டின் மின்சுற்று அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஒன்று தவறினாலும் போர்டே போய்விடும். சில கடைகளில் வேறு லேப்டாப்பில் கழற்றிய பழைய போர்டை மாட்டிக் கொடுக்கிறார்கள். சில இடங்களில் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) மட்டும் போட்டுவிட்டு, வேகம் கூடியதைக் காட்டி பிராசஸர் மாற்றியதாகக் காசு வாங்குகிறார்கள்.

உங்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். லேப்டாப் திணறும் நேரத்தில், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், பிராசஸர் பாதி கூட உழைக்காது என்றுதான் நினைக்கிறேன். தேங்குவது ஹார்ட் டிஸ்க்கில். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை அது நொடிக்கு நூறு தடவைதான் தேடி எடுக்கும். எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்கில் செய்யும். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். ஐ3 உங்கள் வேலைக்குத் தாராளம். எந்தக் கடையில் கொடுத்தாலும் விருந்தினர் கணக்கை முதலில் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கே: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. லேப்டாப் அரை மணி நேரத்தில் சூடாகி நின்றுவிடுகிறது. பிராசஸர் போய்விட்டதா?

ப: இல்லை. சிப் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் நிற்கிறது. சிமென்ட் தூள் ஃபேனிலும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் இடுக்கிலும் படிந்திருக்கும். திறந்து சுத்தம் செய்து, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டைப் புதிதாக வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும். பில் போடும் மேஜையைக் கலவை போடும் இடத்திலிருந்து தள்ளி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கே: லேப்டாப்பின் 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம் நிரம்பி, அப்டேட் ஏற மறுக்கிறது. மாற்றலாமா? (புதுவயல்)

ப: அதுவும் சால்டர்தான். போர்டில் சின்ன எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தால் எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸை அதில் ஏற்றுங்கள். எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு, ஸ்லாட் எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள். இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், மாடல் எண் எழுதுங்கள். காப்பி எடுத்துவிட்டீர்கள்தானே?