கோப்பையும் சுவர்ப் படமும்

கேள்வி: அமெரிக்க ஓவியர் கிராண்ட் வுட் 1932-ல் வரைந்த 'புரட்சியின் புதல்விகள்' ஓவியத்தைப் பார்த்தேன். வயதான பெண்கள் மூவர், ஒருவர் கையில் தேநீர்க் கோப்பை, பின்சுவரில் ஒரு படம். நையாண்டி என்கிறார்கள். கிழவிகளின் முகத்தைக் கேலி செய்வதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? - ஒரு வாசகி

பதில்: முகங்களைக் கொஞ்சம் மறந்துவிட்டு அந்தச் சுவர்ப் படத்தைப் பாருங்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரில் படைத்தலைவர் வாஷிங்டன் தன் வீரர்களோடு பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடக்கும் காட்சி அது. அமெரிக்கர்கள் உருகிப்போகும் படம். ஆனால் அதை எமானுவேல் லாய்ட்சே வரைந்தது ஜெர்மனியில், டுசல்டார்ஃப் நகரில்!

வுட் இதைத் தெரிந்தேதான் மாட்டினார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சீடார் ராப்பிட்ஸ் நகரப் போர் நினைவுக் கட்டடத்துக்கு அவர் வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஜெர்மனியின் மியூனிக்கில் செய்யப்பட்டது. முதல் உலகப் போரில் எதிரியாக இருந்த நாட்டிலா செய்வது என்று 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' சங்கத்தினர் எதிர்த்தார்கள். 1890-ல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் சேர, சுதந்திரப் போருக்கு உதவிய ஒருவரின் நேர் வாரிசு என்று நிரூபிக்க வேண்டும். முன்னோர் செய்த வீரத்துக்கு இவர்கள் காட்டக்கூடியது வம்சாவளிதான். மீதியை உடையாலும் விறைத்த தோரணையாலும் நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பின்னால் ஆண்கள் குளிரில் துடுப்புப் போடுகிறார்கள், முன்னால் தேநீர் விருந்து.

அந்தக் கோப்பையில் இருப்பது 'நீல வில்லோ' என்ற பீங்கான் சித்திரம், இங்கிலாந்தில் உருவான வடிவம். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டியவர்களின் பெருமை பேசுகிறவர்கள், ஆங்கிலேயப் பாணிக் கோப்பையைப் பரிசுப் பொருள்போல உயர்த்திக் காட்டுகிறார்கள். எனக்கு இந்த ஓவியத்தின் உயிரே அந்தக் கையில்தான் இருக்கிறது.

மூன்று முகங்களும் அமெரிக்காவை நிறுவிய தலைவர்களான வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின் பெண் வேடம் போட்டதுபோல இருப்பதாகச் சில விமர்சகர்கள் சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால், மூதாதையரின் முகத்தையே முகமூடியாக அணிந்திருக்கிறார்கள். நல்ல வாசிப்புதான்.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. ஒட்டிய உதடுகள், சுருங்கிய கழுத்து என்று வுட் முதுமையையே குற்றம்போல வரைந்திருக்கிறார். ஜன்னல் சண்டையின் கசப்பு அங்கே கசிகிறது. அந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். சங்கத்தின் பாசாங்கைச் சொல்ல அவருக்குக் கோப்பையும் சுவர்ப் படமுமே போதுமானவை.