510510-இல் என்ன விசேஷம்?

கேள்வி: ஐயா, சிங்கப்பூரின் பாசிர் ரிஸில் என் அக்கா வீட்டு அஞ்சல் குறியீடு 510510. 510 இரண்டு முறை வருவதால் ராசி என்று அத்தான் 4டி (நான்கு இலக்க லாட்டரி) வாங்குகிறார். கணக்கில் இதற்குச் சிறப்பு ஏதும் உண்டா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: ஆறு இலக்கத்தை நான்கில் உங்கள் அத்தான் எப்படி அடைத்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை! 510 இரட்டித்து வருவதில் அதிசயமில்லை. 51 வட்டார எண். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் பெரும்பாலும் புளோக் எண் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் எண் அசல் தங்கம். எந்த மூன்று இலக்க எண்ணையும் அடுத்தடுத்து இருமுறை எழுதினால், அதை 1001 ஆல் பெருக்கிவிட்டோம் என்று பொருள். 1001 என்பது 7×11×13. 510 என்பது 2×3×5×17. இரண்டையும் கலந்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17. முதல் ஏழு பகா எண்களும் ஆளுக்கு ஒரு முறை, ஒன்றுகூட விடுபடாமல் வந்து நிற்கின்றன! இந்த ஏழாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் இதுதான். ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம், விடலாம் என்பதால் வகுத்திகள் மொத்தம் 128.

முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும் ஃபிபனாச்சி வரிசையில் அடுத்தடுத்து வரும் 13, 21, 34, 55 ஆகியவற்றைப் பெருக்கினாலும் இதே எண்தான்.

எனக்குப் பிடித்தது வேறு: 714×715 = 510510. 714-இன் பகாக் காரணிகளைக் கூட்டினால் 29, 715-க்கும் 29. அமெரிக்கப் பேஸ்பாலில் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை 1974-இல் ஹாங்க் ஆரன் 715 அடித்து முறியடித்தார். அதனால் இத்தகைய ஜோடிகளுக்குக் கணிதத்தில் ரூத்-ஆரன் ஜோடி என்றே பெயர்.