டீச்சர் ஒருத்தர், டூட்டி எல்லாருக்கும்

கேள்வி: அக்கா, என் நாத்தனார் கலிஃபோர்னியாவுல இருக்காங்க. மூணு வயசு பொண்ண கோ-ஆப் ப்ரீஸ்கூல்ல சேர்த்துட்டு வாரம் ஒரு நாள் அவங்களே போய் அங்க வேலை செய்யறாங்களாம். ஃபீஸும் கட்டி வேலையும் செய்யணுமா, "இன்னாத்துக்கு இந்த கூத்து"ன்னு எங்க மாமியார் சிரிக்கிறாங்க. அது எப்படித்தான் நடக்குது?
– காட்பாடி வாசகி

பதில்: மாமியார் கேக்குறதுல நியாயம் இருக்கும்மா. ஆனா கோ-ஆப்னா கூட்டுறவு, அங்க முதலாளின்னு தனியா யாரும் கிடையாது, பிள்ளைய சேர்த்த குடும்பங்க எல்லாம் சேந்துதான் ஓனர். ஆவினுக்கு பால் ஊத்துற கிராம சொசைட்டில மாடு வச்சிருக்கவங்களே மெம்பரா இருந்து அவங்களே நிர்வாகத்த தேர்ந்தெடுப்பாங்க இல்ல, அந்த மாதிரி. பயிற்சி எடுத்த டீச்சர் ஒருத்தர சம்பளத்துக்கு வச்சிக்கறாங்க, பாடம், விளையாட்டு, யார் எங்க உக்காரணும் எல்லாம் அவங்க சொல்றதுதான். உதவிக்கு தினம் ரெண்டு மூணு பெத்தவங்க முறை வச்சி போவாங்க, ஆயா வேலை, பெயின்ட் பிரஷ் கழுவறது, பழம் நறுக்கறது, எல்லாம் இவங்கதான். தலைவர், பொருளாளர் எல்லாம் பெத்தவங்கள்ல இருந்தே ஓட்டு போட்டு எடுக்கறது. மாசத்துக்கு ஒரு மீட்டிங், வருஷத்துல சில நாள் கூடி சுத்தம் பண்றது, நிதி திரட்டறதுக்கு ஒரு விழா. சம்பளச் செலவு குறையறதால ஃபீஸ் குறையுது, அதாவது பாதி காசா கட்டறீங்க, மீதிய உங்க நேரமா கட்டறீங்க.

இது புதுசும் இல்ல. 1916ல சிகாகோ யுனிவர்சிட்டி புரொஃபசர்களோட மனைவிங்க சேந்து ஆரம்பிச்சதுதான் அமெரிக்காவுல முதல்னு சொல்வாங்க. நியூசிலாந்துல 1941ல, வீட்டுக்காரங்க எல்லாம் யுத்தத்துக்கு போயிட்ட நேரத்துல, வெலிங்டன்ல அம்மாக்கள் கூடி ப்ளேசென்டர்னு தொடங்கினாங்க, அது இன்னைக்கும் நாடு முழுக்க ஓடுது. அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் இன்னும் வேடிக்கை, அங்க பல கோ-ஆப் கம்யூனிட்டி காலேஜோட சேந்து இருக்கறதால பிள்ளைய சேர்த்தா அம்மா அப்பாவும் காலேஜ்ல ஸ்டூடன்ட், குழந்தை வளர்ப்பு பத்தி அவங்களுக்கும் கிளாஸ் உண்டு. மாமியார்கிட்ட இத சொல்லாதீங்க, இன்னும் சிரிப்பாங்க.

கேள்வி: சத்துவாச்சாரில எங்க அபார்ட்மென்ட்ல ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் பன்னெண்டு பசங்க இருக்காங்க. நாங்களே இந்த மாதிரி ஒண்ணு ஆரம்பிச்சா என்ன? பொம்மை, சறுக்கு மரம் எல்லாம் விலை பாத்துட்டோம்.
– சத்துவாச்சாரி வாசகி

பதில்: சறுக்கு மரத்த ஓரமா வைங்க, மொதல்ல ஒரு நோட்டு எடுத்து கணக்கு போடுங்க. உதாரணத்துக்கு டீச்சர் சம்பளம் 15,000, வாடகை 6,000, கரண்ட், சுண்டல், பழம், களிமண், க்ரேயான் எல்லாம் சேத்து 3,000ன்னு வைங்க, மொத்தம் 24,000, பன்னெண்டு வீட்டுக்கு பிரிச்சா தலைக்கு 2,000. நடுவுல ரெண்டு வீடு டிரான்ஸ்ஃபர்னு கெளம்பிட்டா மிச்ச பத்து பேரும் 2,400 கட்டணும், சண்டை அங்கதான் ஆரம்பிக்கும். அதனால சேரும்போதே ரெண்டு மாச டெபாசிட் வாங்கிடுங்க, விலகறதா இருந்தா ரெண்டு மாசம் முன்னாடி சொல்லணும்னு எழுதி கையெழுத்தும் வாங்கிடுங்க. டூட்டி நாளைக்கு ரெண்டு பேர்னா ஒரு வீட்டுக்கு ஆறு வேலை நாளைக்கு ஒரு முறை வரும். வராதவங்க என்ன பண்ணணும், மாத்தி வர ஆள அவங்களே புடிக்கணுமா, இல்ல காசு கட்டணுமான்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க, "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு விட்டீங்கன்னா ரெண்டாவது மாசத்துல நாலு அம்மாவே எல்லா டூட்டியும் பாப்பாங்க.

சட்டப்படி பாத்தா ஏழு பேர் இருந்தா 1975ம் வருஷ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவு பண்ணலாம். தனியார் ப்ளே ஸ்கூலுக்கு அங்கீகாரம் வேணும், 2015ல விதிமுறையே போட்டிருக்காங்க, உங்க ஏற்பாடு அதுக்குள்ள வருமான்னு கல்வி அலுவலகத்துல கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க. டீச்சருக்கும் டூட்டிக்கு வர எல்லாருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் எடுங்க, "நம்ம வீட்டு ஆளுங்கதானே"ன்னு கூச்சப்படாதீங்க, கலிஃபோர்னியாவுல டூட்டிக்கு வர அம்மாவுக்கு தடுப்பூசி, டிபி டெஸ்ட் எல்லாம் கேப்பாங்க.

இப்ப நெசமா கஷ்டமான விஷயத்துக்கு வரேன். உங்க டூட்டி அன்னைக்கு உங்க பிள்ளைதான் இருக்கறதுலயே அதிகமா படுத்தும். மத்த நாள் சமத்தா உக்காந்து மணி கோக்கற பொண்ணு, நீங்க பக்கத்து வீட்டு பையனுக்கு மூக்கு தொடச்சி விடறத பாத்ததும் மணிய எல்லாம் கொட்டிட்டு உங்க துப்பட்டாவ புடிச்சிட்டு விடாது, அந்த பையன் உங்க மடில ஏறினா கடிச்சே வெச்சிடும். மொதல் ஒரு மாசம் இப்படித்தான், டீச்சர்கிட்ட விட்டுட்டு நீங்க களிமண் மேசைய விட்டு எழுந்திருக்காம இருந்தா தானா சரியாகும். அடுத்தவங்க பிள்ளைய நீங்க அதட்டக்கூடாது, அது டீச்சர் வேலை. யார் பையன் இன்னும் ஜட்டிலயே ஒண்ணுக்கு போறான், யார் பொண்ணுக்கு இன்னும் பேச்சு வரல, இதெல்லாம் லிஃப்ட்லயோ வாட்ஸப் குரூப்லயோ வரவே கூடாது. என்னைக் கேட்டா கோ-ஆப் உடையறது பணத்தால கம்மி, இந்த வாயாலதான் ஜாஸ்தி.

சாப்பாட்டையும் பேசிடுங்க. முட்டை வேணாங்கற வீடும் இருக்கும், தினம் முட்டை குடுக்கற வீடும் இருக்கும், பொதுவா கொண்டைக்கடலை சுண்டல், வாழைப்பழம்னு வெச்சா பிரச்சனை இல்ல. பாஷைக்கு பயப்படாதீங்க, நம்ம ஊர்ல வீட்ல உருது பேசற பிள்ளை, தெலுங்கு பேசற பிள்ளை எல்லாம் கலந்துதான் இருக்கும், டூட்டிக்கு வர அம்மா அவங்க பாஷைல ஒரு பாட்டு சொல்லிக் குடுத்தா பசங்க ஒரே வாரத்துல புடிச்சிப்பாங்க.

கேள்வி: நான் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில வேலை செய்றேன், காலைல போனா சாயங்காலம்தான். என்னால டூட்டி பாக்க முடியுமா? லீவு போட்டா சம்பளம் கட்.
– ராணிப்பேட்டை வாசகி

பதில்: முடியாதும்மா, இழுத்துட்டு போகாதீங்க. அமெரிக்காவுலயே ரெண்டு பேரும் வேலைக்கு போற வீடு அதிகமானதுல நிறைய கோ-ஆப் தடுமாறிடுச்சி, பகல்ல நேரம் இருக்கறவங்களுக்குத்தான் இது சரிப்படும். உங்களுக்கு ஃபீஸே இல்லாம ஒண்ணு தெருவுலயே இருக்கு, அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ல ஐசிடிஎஸ்ங்கற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்ததுல இருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்காக நடக்கறது, மத்தியானம் சோறு, முட்டை, ஆட்டம் பாட்டு, எடை பாக்கறது எல்லாம் உண்டு. "அது ஏழைங்க அனுப்பறது"ன்னு நம்ம ஆளுங்க சொல்றதுதான் எனக்கு எரிச்சல், அதே ஆளுங்க சுவத்துல கார்ட்டூன் வரைஞ்ச இடத்துக்கு ஆயிரக்கணக்குல கொட்டறாங்க. மாசத்துல ஒரு நாள், அங்கன்வாடி திறந்திருக்கற நாள்ல உங்களுக்கு லீவு வரும்போது போய் அங்க டீச்சர்கிட்ட பேசுங்க, தண்ணி, பாத்ரூம் எப்படி இருக்குன்னு பாருங்க. சாயங்காலம் யார் கூட்டிட்டு வருவாங்கன்னு மட்டும் மொதல்ல முடிவு பண்ணிக்கோங்க, அங்கன்வாடி உங்க ஷிஃப்ட் முடியற வரைக்கும் இருக்காது.

கேள்வி: டூட்டிக்கு அம்மாதான் போகணுமா? எங்க மாமனார் ரிட்டயர்டு, சும்மாதான் இருக்கார்.
– குடியாத்தம் வாசகி

பதில்: தாராளமா அனுப்புங்க, அப்பா, தாத்தா யார் வேணா போகலாம், பல ஊர் கோ-ஆப்ல தாத்தா பாட்டியும் முறை போட்டு வராங்க. ஆனா வெரிஃபிகேஷன் அவருக்கும் உண்டு, பீடி கட்டு கேட்டுக்கு வெளிய, ஃபோன் பைக்குள்ள. பதினோரு மணிக்கு மேல அவருக்கு தூக்கம் சொக்கும்னா கூட இன்னொருத்தர் இருக்கற நாளா பாத்து போடுங்க.